என்ஜினில் ஆயில் கசிவு: அறிகுறியை வைத்து இடத்தைப் பிடிப்பது, வாரன்டியில் சரியாகச் செய்து வாங்குவது

இன்றைய என்ஜின்களைப் பிரித்தால் பல இணைப்புகளில் பேக்கிங் (கேஸ்கெட்) என்று தனியாக ஒன்றும் இருக்காது. டைமிங் கவர் (பெல்ட் பக்கத்தில் டைமிங் செயினை மூடும் கவர்), ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), கேம் ஹவுசிங் (மேலே கேம்ஷாஃப்டைத் தாங்கும் பகுதி) போன்ற இடங்களில் இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே ட்யூபிலிருந்து பிதுக்கிய ஒரு கோடு சிலிக்கான் சீலன்ட் மட்டும்தான். அந்தக் கோடு நன்றாகப் பிடித்துவிட்டால் வண்டியின் ஆயுள் முழுக்கத் தாங்கும். ஒட்டும் முகத்தில் லேசாக எண்ணெய்ப் பசை இருந்திருந்தாலோ, கோடு ஓரிடத்தில் மெலிந்திருந்தாலோ, சில ஆயிரம் கிலோமீட்டர் போன பிறகு அங்கே மெல்ல ஈரம் தட்ட ஆரம்பிக்கும். பல நேரம் வாரன்டி இருக்கும்போதே ஆரம்பித்து, வாரன்டி முடிகிற சமயத்தில் சொட்டாக மாறும்.

இந்தக் கசிவில் எல்லோரையும் தடுமாற வைப்பது ஒரே விஷயம்: கசிகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் வேறு. ஆயில் உலோகத்தின் மேல் படர்ந்து இறங்கும். ஓட்டும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அடிக்கவர் அதைத் தேக்கி வைத்து, எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே சொட்ட விடும். என் வண்டியில் முதலில் வால்வ் கவர் (என்ஜினின் உச்சி மூடி) பேக்கிங்கை மாற்றினார்கள், நிற்கவில்லை. அடுத்து கியர்பாக்ஸை இறக்கி, கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இருக்கும் ரியர் மெயின் ஆயில் சீலை மாற்ற வேண்டும் என்றார்கள். உண்மையான இடம் இரண்டுமே இல்லை. அதை நானே தேடிப் பிடித்து, படம் எடுத்து, நேரில் காட்டிய பிறகுதான் சரியான வேலை நடந்தது. அந்த அலைச்சலில் கற்றதையும், பிறகு நண்பர்கள் வண்டிகளில் பார்த்ததையும் சேர்த்து அறிகுறி வாரியாகச் சொல்கிறேன்.

முதலில், அது என்ன திரவம்?

இரவு வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தை அட்டையில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள், காலையில் சொட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரியும். தேன் நிறத்திலிருந்து கறுப்பு வரை, தொட்டால் வழவழப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என ஏதாவது ஒரு நிறத்தில், லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில். கந்தக வாடை மூக்கைப் பிடித்தால் கியர் ஆயில். நிறமும் வாடையும் இல்லாத தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வருவது, அதை மறந்துவிடலாம். சக்கரத்தின் உள்பக்கமாக வெளிர் மஞ்சள் திரவம் தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படி இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், வண்டியை ஓட்டவும் வேண்டாம், டோ செய்து கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கழுவாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்

மாதக்கணக்கில் ஆயிலும் தூசியும் சேர்ந்து அப்பிய என்ஜினைப் பார்த்து ‘இங்கேதான் கசிகிறது’ என்று யார் சொன்னாலும் அது ஊகம்தான். ஆறிய என்ஜினில் டீகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். ஆல்டர்னேட்டர், வயர் கனெக்டர்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். அடிக்கவரைக் கழற்றி அதில் தேங்கிய எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். இதை விட்டால் பழைய எண்ணெயே பல நாள் சொட்டி உங்களை ஏமாற்றும்.

பிறகு 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, டார்ச்சும் நீளக் கைப்பிடி வைத்த சிறு கண்ணாடியும் கொண்டு பாருங்கள். ஈரம் இருக்கும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலேயும் முன்னேயும் இருக்கிறதோ, அதுதான் மூலம். கீழேயும் பின்னேயும் இருப்பதெல்லாம் அங்கிருந்து வடிந்தது. ஈரம் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால், துடைத்துக் காய்ந்த இடத்தில் பாதங்களுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை லேசாக அடித்துவிட்டு ஓட்டுங்கள். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் கோடு கிழித்ததுபோலத் தெரியும். அதற்கும் மேல் வேண்டுமானால் யுவி டை (ஒளிரும் சாயம்) இருக்கிறது: ஆயிலில் கலந்து ஓட்டிவிட்டு நீலநிற விளக்கில் பார்த்தால் கசியும் இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். வாரன்டி வண்டியில் இதை நீங்களே ஊற்றாமல் சர்வீஸ் சென்டரையே போடச் சொல்லுங்கள். ‘என்னவோ கலந்திருக்கிறீர்கள்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

அறிகுறி: பெல்ட் இருக்கும் பக்கம் ஈரம், அந்தப் பக்கமே சொட்டு

டைமிங் கவரைச் சந்தேகப்படுங்கள். முன்சக்கர இயக்க வண்டிகளில் என்ஜின் பெரும்பாலும் குறுக்காக இருக்கும். அதனால் ‘என்ஜினின் முன்பக்கம்’ என்று மெக்கானிக் சொன்னால் பம்பர் பக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பெல்ட் ஓடும் பக்கம் என்று அர்த்தம்.

டைமிங் கவரில் கசிவு வரும் இடங்களில் முக்கியமானது, சிலிண்டர் ஹெட்டும் (என்ஜினின் மேல்பகுதி) பிளாக்கும் (அதன் கீழிருக்கும் முக்கிய உடல்) சேரும் கோடு கவரைத் தொடும் மூலை. அங்கே ஹெட், பிளாக், கவர் என மூன்று பாகங்கள் சந்திக்கின்றன. நடுவில் ஹெட் கேஸ்கெட்டின் விளிம்பும் எட்டிப் பார்க்கும். ஹெட்டும் பிளாக்கும் மயிரிழை அளவு முன்பின் நின்றாலும் அந்த மூலையில் ஒரு சின்னப் படி உருவாகும். அதை நிரப்ப அங்கே மட்டும் கூடுதலாக ஒரு பொட்டு சீலன்ட் வைக்கச் சொல்லி சர்வீஸ் கையேடுகளே குறிப்பிடும். அந்தப் பொட்டு விட்டுப்போனால் அங்கேதான் முதலில் கசியும்.

என் வண்டியிலும் அந்த மூலைதான். கழுவிவிட்டு ஓட்டி வந்து, ஆல்டர்னேட்டருக்கும் கவருக்கும் நடுவே கண்ணாடியை நுழைத்துப் பார்த்தபோது, ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டுக்கு நேராக ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. நெல்மணி அளவுகூட இருக்காது. அதிலிருந்து தலைமுடி போன்ற ஒரு மெல்லிய எண்ணெய்க்கோடு கவரின் விளிம்போடு இறங்கி, சம்பின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வரை போய், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டியது. ‘ரியர் மெயின் சீல்’ என்று சொன்னது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. வால்வ் கவருக்குக் கீழே ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை.

இதே பக்கம் இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். கிராங்க் புல்லிக்குப் பின்னால் ஒரு ஆயில் சீல் உண்டு. அது போனால் புல்லி சுற்றும்போது எண்ணெய் வட்டமாகத் தெறித்திருக்கும், சீலன்ட் கசிவுபோல நேர்க்கோடாக இறங்காது. வால்வ் டைமிங்கை மாற்றும் சோலனாய்டுகளின் (மின்சாரத்தால் இயங்கும் வால்வுகளின்) ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்களும் இந்தப் பக்கம் கசிந்து டைமிங் கவர் போலவே காட்டும். ஓ-ரிங் மாற்றுவது அரை மணி வேலை. டைமிங் கவர் என்றால் சில வண்டிகளில் என்ஜினையே இறக்க வேண்டும். அதனால் சின்னதை முதலில் பார்த்துத் தள்ளிவிடுவது நல்லது.

எண்ணெய் பெல்ட்டில் பட ஆரம்பித்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பெல்ட் வழுக்கும், கீச்சிடும், ரப்பர் ஊறி விரைவில் கெடும்.

அறிகுறி: என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சொட்டு

இந்த இடத்தில் சொட்டைப் பார்த்ததும் எல்லோர் வாயிலும் வருவது ரியர் மெயின் சீல். அதுவாக இருக்கலாம். ஆனால் கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் மேலே இருப்பவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும்: வால்வ் கவரின் பின் மூலை, கேம் ஹவுசிங்கின் பின்பக்க மூடிகள், ஆயில் பிரஷர் சுவிட்ச், டர்போ இருந்தால் அதன் ஆயில் ரிட்டர்ன் பைப், சம்பின் பின் விளிம்பு. ஆயில் பிரஷர் சுவிட்ச் பல என்ஜின்களில் பிளாக்கின் பின்பக்கம்தான் இருக்கும், அதன் வழியே ஒழுகும் எண்ணெய் நேராக இங்கே வந்து இறங்கும்.

இவை எல்லாம் காய்ந்திருந்து, பெல்ஹவுசிங்கின் (என்ஜினோடு சேரும் கியர்பாக்ஸ் கூட்டின்) அடித்துளையில் மட்டும் ஈரம் என்றால் ரியர் மெயின் சீல், அல்லது அதைத் தாங்கும் தட்டின் சீலன்ட், அல்லது கியர்பாக்ஸின் இன்புட் சீல். கடைசியை வாடையை வைத்துப் பிரிக்கலாம் என்று முன்பே சொன்னேன். மேனுவல் வண்டியில் கிளட்ச் வழுக்கவும் ஆரம்பித்திருந்தால் எண்ணெய் கிளட்ச் தட்டைத் தொட்டுவிட்டது. அப்போது ‘ஆயில் சீல் கசிந்ததால் கிளட்ச் தட்டு கெட்டது’ என்று காரணத்தோடு சேர்த்து ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் புகாரைப் பதியும் தாளில்) எழுத வையுங்கள். கிளட்ச் தட்டைத் தேய்மானப் பொருள் என்று பொதுவாகவே வாரன்டியில் சேர்க்க மாட்டார்கள். கசிவால் கெட்டது என்று பதிவானால் பேச வழி இருக்கும்.

அறிகுறி: நின்றதும் கருகல் வாடை, பானட்டைத் திறந்தால் லேசான புகை

வால்வ் கவரிலிருந்தோ கேம் ஹவுசிங்கிலிருந்தோ எண்ணெய் வழிந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்) மேல் விழுகிறது. விழுந்ததெல்லாம் எரிந்துவிடுவதால் தரையில் சொட்டே இருக்காது. சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாக வாடை உள்ளே வருவது இதன் தெளிவான அடையாளம். இந்த ஒன்றில் மட்டும் ‘அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். சிவக்கச் சூடாகும் இரும்பின் மேல் எண்ணெய் சொட்டுவது தீப்பிடிக்கும் ஆபத்து. ஜாப் கார்டிலும் ‘ஆயில் கசிவு’ என்று மட்டும் எழுதாமல் ‘எக்ஸாஸ்ட் மேல் ஆயில் விழுந்து புகைகிறது’ என்றே எழுதச் சொல்லுங்கள்.

கூடவே என்ஜின் உதறினால் ஸ்பார்க் பிளக் குழிகளைப் பாருங்கள். வால்வ் கவரோடு சேர்ந்த குழாய் சீல்கள் கெட்டால் அந்தக் குழிகளில் எண்ணெய் தேங்கும், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் கெட்டு மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) வரும். காயிலை மட்டும் மாற்றி அனுப்பினால் அதே கோளாறு திரும்ப வரும்.

அறிகுறி: ஒரே சமயத்தில் பல இடங்களில் ஈரம்

பல சீல்கள் ஒன்றாகக் கெடுவது அபூர்வம். உள்ளே அழுத்தம் ஏறி எல்லா இடத்திலும் எண்ணெயைப் பிதுக்குகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். கிராங்க் கேஸில் (கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் என்ஜின் அடிப்பகுதியில்) சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வோ அதன் பைப்போ அடைத்தால் இப்படி ஆகும்.

சோதிப்பது எளிது. என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களில் காகிதம் லேசாக உள்ளே இழுபட வேண்டும். காகிதத்தைத் தூக்கி அடித்தால் அழுத்தம் வெளியேறவில்லை. மூடியைக் கழற்றவே முடியாதபடி உறிஞ்சிப் பிடித்து, விசில் போல ஓசை வந்தால் பிசிவியின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. பிசிவி நன்றாக இருந்தும் அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம் வரை யோசிக்க வேண்டியிருக்கும். பிசிவியைக் கவனிக்காமல் புது சீலன்ட் போட்டால் அதுவும் கொஞ்ச நாளில் கசியும்.

ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி இருக்கிறதா என்றும் ஒரு தடவை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்துத்தான் அளக்க வேண்டும்.

அறிகுறி: ஆயில் மாற்றிய மறுநாளிலிருந்து சொட்டு

இதற்குச் சீலன்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். டிரெயின் பிளக்கின் பழைய வாஷரையே மறுபடி போட்டிருப்பார்கள். அல்லது பழைய ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புது ஃபில்டரை ஏற்றியிருப்பார்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஃபில்டர் எந்த நேரமும் பிய்த்துக்கொள்ளும், ஆயில் மொத்தமும் வெளியேறும். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் அழைத்துச் சொல்லுங்கள்.

அறிகுறி: சொட்டும் இல்லை, வாடையும் இல்லை, ஆனால் அளவு குறைகிறது

பெரும்பாலான கார்களில் டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். வெளியே எங்கும் ஈரமில்லாமல் இது குறைந்தால் எண்ணெய் உள்ளே எரிகிறது. நீலப் புகை வருகிறதா பாருங்கள். சர்வீஸ் சென்டர் இதற்கு ‘ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட்’ என்று ஒன்று செய்யும்: மேல் கோடு வரை நிரப்பி, மூடிக்கு முத்திரை வைத்து, குறிப்பிட்ட தூரம் ஓட்டி வரச் சொல்வார்கள். ஒத்துழையுங்கள், அந்தப் பதிவுதான் பின்னால் பேசும்.

அறிகுறி: கூலன்ட் குறைகிறது, என்ஜின் மேல் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொருக்கு

கசிந்த கூலன்ட் சூட்டில் காய்ந்து உப்புபோலப் படியும். சில வண்டிகளில் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஹவுசிங் ஆகியவற்றுக்கும் சீலன்ட்தான். பம்பின் அடியில் ஒரு சின்ன வடிதுளை இருக்கும். அதிலிருந்து ஒழுகினால் பம்பின் உள் சீல் போய்விட்டது, வெளிவிளிம்பில் என்றால் சீலன்ட். ஆறிய என்ஜினில் கைப்பம்பு வைத்து பிரஷர் டெஸ்ட் செய்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

வேர்வையா, கசிவா?

வாரன்டி பேச்சு இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. எண்ணெய் இணைப்பில் லேசாக ஈரம் காட்டி, தூசி ஒட்டி, ஆனால் துளியாகத் திரளாமல் இருந்தால் அதைச் ‘சீப்பேஜ்’ என்பார்கள். பல தயாரிப்பாளர்கள் இதை இயல்பு என்று சொல்லி ரிப்பேர் செய்ய மறுப்பார்கள். துளி திரண்டு விழுந்தால், அல்லது அளவு குறைந்தால், அது கசிவு. எக்ஸ்டெண்டட் வாரன்டி எடுத்தவர்கள் அதன் விதிகளை இப்போதே படியுங்கள். அசல் வாரன்டியில் சீலும் பேக்கிங்கும் சேர்ந்திருக்க, நீட்டித்த வாரன்டியில் அவை விலக்கப்பட்டிருப்பது சாதாரணம்.

நான் முதல் முறை போனபோது சர்வீஸ் அட்வைசர் பானட்டைத் திறந்து, ஒரு துணியால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, “இது வேர்வை மாதிரிதான் சார், ஓட்டுங்க, அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்” என்றார். அந்தத் துணியோடு என் ஆதாரமும் போனது. ஜாப் கார்டிலும் எதுவும் ஏறவில்லை. அடுத்த முறை போகும்போது கழுவிய நாளின் படம், 100 கிலோமீட்டருக்குப் பிறகு எடுத்த படம், 300-க்குப் பிறகு எடுத்த படம், ஒவ்வொன்றோடும் ஓடோமீட்டர் படம், அட்டையில் விழுந்த சொட்டுகள் எல்லாம் கையில் இருந்தன. “துடைக்க வேண்டாம், முதலில் நீங்களும் ஒரு படம் எடுங்கள்” என்று சொன்னேன். பேச்சின் தொனியே மாறிவிட்டது.

அதனால் கழுவிப் பார்ப்பது சர்வீஸ் சென்டருக்குப் போவதற்குச் சில நூறு கிலோமீட்டர் முன்பே முடிந்திருக்க வேண்டும். முந்தின நாள் என்ஜினைக் கழுவி பளபளவென்று கொண்டுபோனால் காட்ட ஒன்றும் இருக்காது. ‘ஜெனரல் செக்கப்’ என்று மட்டும் எழுதிய ஜாப் கார்டில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘டைமிங் கவர் மேல் மூலையில் ஆயில் கசிவு, தரையில் சொட்டு விழுகிறது’ என்று இடமும் அளவும் தெரிய எழுத வைத்து, தேதியும் கிலோமீட்டரும் இருக்கிறதா பார்த்து, நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வாரன்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது பதிவான புகார், முடிந்த பிறகு அதே கோளாறுக்காகப் போகும்போது உங்கள் பக்கம் நிற்கும். வாயால் சொன்னது நிற்காது. ஆயில் மாற்றிய பில்கள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள், பராமரிப்பு சரியில்லை என்று மறுக்கப் பார்த்தால் அவைதான் பதில்.

இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த மாடலில் இந்தக் கசிவுக்கு சர்வீஸ் புல்லட்டின் இருக்கிறதா? புல்லட்டின் என்பது தெரிந்த ஒரு கோளாறை எப்படிச் சரிசெய்வது என்று தயாரிப்பாளர் டீலர்களுக்கு அனுப்பும் குறிப்பு. ரீகால் போல எல்லோருக்கும் இலவசம் என்று பொருள் இல்லை. ஆனால் எந்த சீலன்ட், எந்தப் பாகம், எத்தனை மணி நேர வேலை என்பதெல்லாம் அதில் இருக்கும். கோளாறு தயாரிப்பாளருக்கே தெரிந்தது என்பதற்கும் அது சாட்சி. வாரன்டி சமீபத்தில் முடிந்திருந்தால், புல்லட்டினைக் காட்டி, ‘குட்வில்’ (நல்லெண்ண) முறையில் செலவைப் பகிர்ந்துகொள்ளும்படி எழுத்தில் கேட்கலாம். பில்கள் ஒழுங்காக இருப்பவர்களுக்கு இது கிடைக்க வாய்ப்பு உண்டு.

வாரன்டி காலத்தில் ஸ்டாப் லீக் திரவம் எதையும் ஊற்றாதீர்கள். அவற்றில் பல, ரப்பர் சீலை ஊதவைத்துக் கசிவை அடைக்கப் பார்க்கும். சிலிக்கான் சீலன்ட் விட்டுப்போன இணைப்பில் ஊதுவதற்கு ரப்பரே கிடையாது. வெளியிலிருந்து சிலிக்கானைத் தடவுவதும் பயன்படாது. எண்ணெய் ஊறிய முகத்தில் அது ஒட்டாது, உள்ளிருந்து வரும் எண்ணெய் அதைத் தோல் உரிப்பதுபோல உரித்துவிடும்.

அறிகுறி: ரிப்பேர் செய்த பிறகும் அதே இடத்தில் கசிவு

இதுதான் மனதை நோகடிக்கும், ஆனால் காரணம் பெரும்பாலும் மிக எளியது: சுத்தமும் நேரமும். பழைய சீலன்ட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுக்க எடுத்து, கரைப்பானால் துடைத்து, கடைசித் துணியில் அழுக்கு வராதவரை துடைக்க வேண்டும். துடைத்த பிறகும் மேலேயிருந்து ஒரு சொட்டு எண்ணெய் வடிந்து முகத்தை நனைத்துவிடும். அதற்கு மேல் போட்ட சீலன்ட் பிடிக்காது. அவசரத்துக்குச் சுழலும் உராய்வுத் தட்டு வைத்துத் தேய்ப்பதும் தவறு. அதன் துகள் ஆயிலில் கலந்து பேரிங்குகளை அரித்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் இதை எச்சரித்துத் தன் டீலர்களுக்கு சர்வீஸ் புல்லட்டினே வெளியிட்டிருக்கிறது.

சிலிக்கான் சீலன்ட் காற்றிலுள்ள ஈரப்பதத்தால் கெட்டியாகிறது. சுமார் 10 நிமிடத்தில் மேலே தோல் கட்டும், முழுக்க இறுக ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். குளிரிலும் வறண்ட காற்றிலும் இன்னும் மெதுவாகும். தோல் கட்டும் முன்பே கவரைப் பொருத்திவிட வேண்டும், பல கையேடுகள் சில நிமிடம்தான் தரும். பொருத்திய பிறகு ஆயில் ஊற்றுவதற்கும் ஸ்டார்ட் செய்வதற்கும் காத்திருக்க வேண்டிய நேரமும் கையேட்டில் இருக்கும். காலையில் பிரித்து மாலையில் வண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றால் எந்த நேரத்தில் எது நடந்தது என்று கேட்பது உங்கள் உரிமை.

சீலன்ட் வகை மாறினாலும் கசிவு நிற்காது. 1953-இல் அமெரிக்கப் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் உருவாக்கி, லாக்டைட் என்ற பெயரில் பரவிய அனரோபிக் வகை, காற்று இல்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டால்தான் இறுகும், நன்கு கடைந்த இறுக்கமான முகங்களுக்கு ஏற்றது. பெரிய இடைவெளியில் அது இறுகாமல் பசையாகவே நிற்கும். சிலிக்கானுக்கு நேர்மாறாகக் காற்றின் ஈரம் வேண்டும். காடி (வினிகர்) வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான், உலோகத்தை அரிக்கும், ஆக்ஸிஜன் சென்சாரையும் கெடுக்கும். ட்யூபில் ‘சென்சார் சேஃப்’ என்று இருப்பதைத்தான் போட வேண்டும்.

நிறையப் போட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. கோடு சுமார் 3 மில்லிமீட்டர் போதும் என்று பல கையேடுகள் சொல்லும். அதிகம் போட்டால் வெளியே பிதுங்குவது போலவே உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது பிய்ந்து ஆயிலில் விழுந்து, சம்பில் இருக்கும் உறிஞ்சு வலையை அடைத்தால் ஆயில் பிரஷர் குறையும். சீலன்ட் வேலை முடிந்த வண்டியில் ஆயில் விளக்கு மினுக்கினால் உடனே என்ஜினை அணைத்து, டோ செய்யுங்கள். விளக்கு எரிய எரிய ஓட்டினீர்கள் என்று தெரிந்தால் வாரன்டியும் கைவிடும்.

மறு ரிப்பேருக்குக் கவரைக் கழற்றும்போது உடன் இருக்கவோ, படம் எடுக்கவோ கேளுங்கள். என் வண்டியில் கழற்றிய கவரை மேசையில் வைத்தார்கள். விளிம்பு முழுவதும் சீலன்ட் இரண்டாகக் கிழிந்து, பாதி கவரிலும் பாதி பிளாக்கிலும் நின்றது. நன்றாகப் பிடித்ததற்கு அதுதான் அடையாளம். அந்த மேல் மூலையில் மட்டும் இரண்டு விரற்கடை நீளத்துக்கு, பிளாக் பக்கம் பளிச்சென்று வெறும் உலோகம், கவர் பக்கம் கறுப்பு நாடா போல முழுசாக உரிந்து வந்தது. அடியில் நகத்தை வைத்துத் தேய்த்தால் எண்ணெய் மினுமினுத்தது. அங்கே அது ஒட்டியதே இல்லை. இந்த ஒரு படம் கையில் இருந்தால், இரண்டாவது ரிப்பேருக்கு யார் பொறுப்பு என்று நீண்ட பேச்சு தேவைப்படாது.

வண்டியை எடுக்கும்போது

பில் தொகை பூஜ்யமாக இருந்தாலும் விவரமான பில்லை வாங்குங்கள்: எந்தப் பாகம், எந்த சீலன்ட், எத்தனை கிலோமீட்டர். வாரன்டியில் மாற்றிய பாகத்துக்குப் பொதுவாக அசல் வாரன்டியின் மீதிக் காலம்தான் கிடைக்கும். ரிப்பேருக்குத் தனி உத்தரவாதம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ஆயில் அளவை அங்கேயே பாருங்கள். கழற்றிய எல்லாம் திரும்ப மாட்டியிருக்கிறதா, அடிக்கவரின் கிளிப்புகள் வரை பாருங்கள்.

எக்ஸாஸ்ட் மேல் பழைய எண்ணெய் இருந்திருந்தால் முதல் சில நாள் கருகல் வாடை வரும், குறைந்துகொண்டே போக வேண்டும். கூடினால் திரும்பிப் போங்கள். ஒரு வாரம் அட்டையை விரித்து வையுங்கள். 500 கிலோமீட்டரிலும் 1,000-லும் அதே கண்ணாடியை அதே மூலைக்குள் நுழைத்துப் பாருங்கள், காய்ந்திருந்தால் அதையும் ஒரு படம் எடுத்து, ஓடோமீட்டரோடு பழைய படங்களின் பக்கத்தில் வையுங்கள்.